காலி டப்பா

"உண்மையச் சொல்லுடா. வண்டியில என்ன எண்ணெய ஊத்துன?"

மெக்கானிக் சூசை, பெரியதம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். சுற்றி நின்ற பெண்கள் யாரும் தடுக்கவில்லை. அவர்களுக்கும் அவனை நாலு சாத்து சாத்தினால் தேவலை என்றுதான் இருந்தது.

ஓசூர் பக்கம் தளிக்கு அப்பால் இருக்கிற அந்த ரோஜாத் தோட்டத்தில், பூப்பறிக்கும் ஜோதியம்மாளைக் காலையில் பாம்பு கடித்துவிட்டது. பள்ளத்தில் இருக்கும் தோட்டத்திலிருந்து மேட்டு ரோட்டுக்குப் போக முதலாளி வாங்கிவிட்டிருந்த ஏடிவிதான் கதி. நாலு சக்கர பைக். கியர் கிடையாது, விசையை அழுத்தினால் போகும். மழைச் சேற்றில் அது ஒன்றுதான் ஏறும். ஜோதியம்மாளை அதில் ஏற்றிக்கொண்டு டிரைவர் பெரியதம்பி கிளம்பினான்.

பாதி மேட்டில் எஞ்சின் கத்தியது. சக்கரம் நகரவில்லை.

போர்வையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். மேலே ஆம்புலன்ஸ் எப்போதோ வந்து காத்து நின்றது. ஆனால் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

"உன்ன நம்பித்தானே ஏத்திவிட்டோம்! ஐயோ தேவரே, கடவுளே!" என்று கூடப் பூப்பறிக்கும் நாராயணம்மா கன்னடமும் தமிழுமாக மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க சொன்ன எண்ணெயத்தாண்ணா ஊத்துனேன். எம் புள்ள மேல சத்தியமா!" பெரியதம்பி கையெடுத்துக் கும்பிட்டான்.

"பொய் சொல்றான் சார்." சூசை முதலாளி நாராயணப்பன் பக்கம் திரும்பினார். "இந்த வண்டியில கிளட்ச்சு எஞ்சின் எண்ணெய்லயேதான் ஊறிக் கெடக்குது. அதுக்குன்னு இருக்கிற பைக் எண்ணெயத்தான் ஊத்தணும். கார் எண்ணெய், கண்ட எண்ணெய் ஊத்துனா கிளட்ச்சு வழுக்கும். எஞ்சின் கத்தும், வண்டி நகராது. இன்னைக்கு நடந்தது அதேதான் சார்!"

நாராயணப்பன் தலையாட்டினார். எண்ணெய் விஷயத்தில் மெக்கானிக் சூசை சொன்னால் அந்தத் தோட்டத்தில் மறுபேச்சு கிடையாது. நம்பர் மாறி வாங்கி வந்தால், வந்த பஸ்ஸிலேயே ஓசூருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். புது டப்பாவின் அடியில் ஆணியால் சின்னதாக ஒரு சிலுவை கீறி, கண்ணை மூடி ஒரு வார்த்தை ஜெபித்துவிட்டுத்தான் மூடியைத் திருகுவார்.

"எண்ணெய்க்கும் ஞானஸ்நானமாண்ணா?" என்று பெரியதம்பி கிண்டல் செய்வான்.

"சிரிக்காதடா. உசுரு சம்பந்தப்பட்ட வெசயம்" என்பார்.

போன வாரம் அவர் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போயிருந்தார். அந்த ஒரு தடவைதான் எண்ணெய் மாற்றும் வேலை பெரியதம்பி கைக்குப் போனது.

"எந்தக் கடையில வாங்குன?" நாராயணப்பன் கேட்டார்.

"அண்ணன் எப்பவும் வாங்குற கடைதான் சார். அதே கம்பெனி, அதே நம்பர். மூடி சீலக்கூட நாந்தான் ஒடச்சேன்."

"அந்த டப்பா எங்க?"

"ஷெட்டுல வெச்சேன் சார். காலி டப்பாவ ஓட்டை கீட்டை போட்றாத, நசுக்காத, அப்படியே வெய்யின்னு அண்ணன் சொல்லியிருக்காரு."

சொல்லியிருந்தார்தான். காலியானதும் ஓட்டை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் எவனாவது அதில் போலி எண்ணெயை அடைத்து விற்றுவிடுவான் என்று கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் அனுப்புவார். ஆனால் ஓட்டை விழுந்த டப்பாவைப் பழைய சாமான் எடுக்கும் சென்னகிருஷ்ணன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். முழுசாக இருந்தால் பேரமே பேசாமல் காசைக் கையில் வைப்பான். வெறும் பிளாஸ்டிக்குக்கு இவன் ஏன் இவ்வளவு தாராளமாகக் கொடுக்கிறான் என்று சூசை கேட்டதே இல்லை. எண்ணெயில் ஆயிரம் நுணுக்கம் பார்க்கிற மனிதருக்கு அதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

"நானே எடுத்தாறேன் சார். கார் எண்ணெய் டப்பாவ இவன் மூஞ்சிலயே வீசுறேன்!"

சூசை ஷெட்டுக்குள் போனார். அலமாரியில் டப்பா இருந்தது.

சரியான கம்பெனி. சரியான நம்பர். சூசைக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே ஒட்டியிருந்த மிச்சத்தை விரலில் எடுத்துத் தேய்த்து முகர்ந்தார். கருகின வாடை. எந்தெந்த வண்டியிலிருந்தோ இறக்கிய கழிவு எண்ணெயை வடிகட்டி அடைத்திருக்கிறார்கள்.

பெரியதம்பி சொன்னது நிஜம்தான். பாவம், அவன் சட்டையைப் பிடித்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

'எந்தப் படுபாவி செஞ்ச வேலையோ இது!'

டப்பாவைத் திருப்பினார்.

அடியில் ஆணியால் கீறின ஒரு சிலுவை இருந்தது. குறுக்குக் கோடு வலது பக்கம் கொஞ்சம் தூக்கலாக, அவர் கை எப்போதும் கீறுகிற மாதிரியே.

எப்போதோ சென்னகிருஷ்ணனிடம் அவரே காசு வாங்கிக்கொண்டு கொடுத்த டப்பா. வெளியே ஜோதியம்மாளின் மகள் தர்ஷினி அழுகிற சத்தம் ஷெட்டின் தகரத்தைத் தாண்டிக் கேட்டது.

"டப்பா கெடைச்சுதா சூசை? போலீஸ் வந்துட்டாங்க!" என்று முதலாளி குரல் கொடுத்தார்.

"அண்ணன் எடுத்தாரட்டும் சார்." பெரியதம்பியின் குரலில் இப்போது கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. "அதப் பாத்தா எம் மேல தப்பில்லைன்னு அண்ணனே சொல்லுவாரு."

சூசை உள்ளேயிருந்தே கத்தினார்.

"இங்க ஒண்ணும் இல்லீங்க சார்! கார் எண்ணெய ஊத்திட்டு டப்பாவ எங்கியோ வீசிட்டான்!"

பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு காலி டப்பாவில் ஓட்டை போட்டார். சரியாகச் சிலுவை இருந்த இடத்தில்.