திரும்புவது எத்தனை பேர்

வனாக்கா ஏரிக்குப் போகுமுன் எத்தனை பேர் போகிறோம், எத்தனை பேர் திரும்புவோம், எத்தனை மணிக்கு என்று ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டுவது அந்த வீட்டு வழக்கம். போன வருஷம் ரேவினின் கணவன் மரே படகோடு போனபோது, "ஒருவர், ஒருவர், ஐந்து மணி" என்று எழுதியிருந்தான். அவன் எங்காவது பீர் குடித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்து ஒன்பது மணிவரை டிவி பார்த்தாள் ரேவின். அதற்குப் பிறகுதான் போலீசைக் கூப்பிட்டாள். படகு மட்டும் கிடைத்தது.

இன்று தங்கை ஹீத்தருடன் அவளே கிளம்புகிறாள். நேற்றே எழுதி ஒட்டிவிட்டாள்.

"என்னக்கா இது? போறது ரெண்டு, திரும்பறது மூணா? கணக்குல நீ எப்பவுமே மக்குதான்!"

ரேவின் எட்டிப் பார்த்தாள். அந்த "மூன்று" மட்டும் மரேயின் கோணல் கையெழுத்து.

ஏரிக்கான சாண்ட்விச்சுகளைச் செய்துகொண்டிருந்த மேசைக்குத் திரும்பினாள். இன்னும் இரண்டு ரொட்டித் துண்டுகளை எடுத்து, அவனுக்குப் பிடித்தபடி வெண்ணெயைத் தடிமனாகத் தடவினாள்.