வெள்ளகோவில் பிசின்

"அம்மணி, உன் பிசினு நூல்ல நிக்கவே மாட்டீங்குது. தறியில பாவு நூலெல்லாம் அறுந்துபோச்சு. இனி உன்கிட்ட வாங்கறதா இல்ல" என்றார் தறிப்பட்டறை நஞ்சுண்டன்.

பிசின் விற்றே பிழைக்கும் மாரியாத்தாள் பதறினாள். "ஏனுங்க, உங்க முன்னாலயே கரைச்சுக் காட்டறனுங்க!"

தொட்டியில் கரைத்தாள். கோலில் எடுத்தால் தேனாக இழுத்தது.

"தெனமும் மொதல்ல இப்படித்தான். அப்பறந்தான் தண்ணியாப் போயிருது."

"நடுவுல என்ன பண்றீங்க?"

"இத்தனை கெட்டியா இருந்தா ஊர்க்கண்ணு சும்மா உடுமா?"

கை நிறைய உப்பை அள்ளியவர், தொட்டிக்கு மூன்று முறை சுற்றித் திருஷ்டி கழித்து, உள்ளேயே போட்டுக் கலக்கினார்.

"ஐயோ, உப்பா!" மாரியாத்தாள் அலறினாள். பிசின் நீர்த்து ஓடியது.

"பாத்தியா, எத்தனை பொல்லாத கண்ணு!" அதிர்ந்துபோன நஞ்சுண்டன் இன்னொரு கை உப்பை அள்ளினார்.