கருவிக்குக் கீழே மூன்று வரி

கைப்பையில் ராஜினாமாக் கடிதம் தயாராக இருந்தது. நாலே வரி. கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடமாகியும் புக்கிங் எழுத்தர் தலையை நிமிர்த்தவில்லை; மேசை விளிம்பில் பிளைவுட் உரிந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு ரெண்டு இல்ல, மூணு வீடு!" என்றார் முதலாளியம்மா. "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தவங்களைத் தரையில படுக்க வச்சிருக்காங்க. கட்டில் காலையில வேண்டாம், சாயங்காலம் கொண்டாங்கன்னுதானே கேட்டாங்க? புக்கிங்கையே ரத்து பண்ணினது யாரு?"

"ஏஜென்ட்தான் மேடம்," என்றார் மென்பொருள்காரர், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நோயாளிக் கட்டிலும் சக்கர நாற்காலியும் வாடகைக்கு விடும் நிறுவனம் அது. வாடிக்கையாளர் அனுப்பும் செய்திகளை இரண்டு மாதமாகக் கவனித்துக்கொள்வது ஓர் ஏஐ ஏஜென்ட். தேதி மாற்ற ஒன்று, முகவரி மாற்ற ஒன்று என்று அதன் கையில் முப்பத்தொரு கருவிகள். எதை எப்போது எடுப்பது என்பதற்கு, ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருக்கும் விளக்கத்தை விட்டால் அதற்கு வேறு நாதி கிடையாது.

அந்த விளக்கங்களை எழுதியவர் மேலாளர். அலுவலகத்தில் அவருக்கு 'அடைமொழி சார்' என்று பெயர். கழிவறைத் தாழ்ப்பாள் ரிப்பேர் என்றால்கூட 'மாண்புமிகு பணியாளர் பெருமக்களே' என்று தொடங்கித்தான் நோட்டீஸ் ஒட்டுவார்.

அவர் எழுதித் தருவதை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. போன வாரம் அவள் காய்ச்சலில் படுத்தபோதுகூட, வேலை நிற்கக் கூடாதென்று மிச்சமிருந்ததைத் தாமே உட்கார்ந்து ஏற்றிவிட்டு, 'கடமை அழைத்தது' என்று அவளுக்குச் செய்தியும் அனுப்பிய மனிதர்.

ஏஜென்ட் சொன்னதைக் கற்பூரமாகப் பிடித்துக்கொள்கிறது என்று யாராவது பாராட்டினால், "மொழி வளம், வேற என்ன!" என்று சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொள்வார். அப்போதெல்லாம் அவள் தரையைப் பார்ப்பாள்.

இப்போதும் அவர் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "என் விளக்கத்துல தப்பே வராது மேடம். ஒவ்வொண்ணும் உளி எடுத்துச் செதுக்கினது. யாரோ கை வச்சிருக்காங்க."

அவளுக்குக் காது மடல் சுட்டது. காலையில் போனில் கேட்ட பெண் குரல் இன்னும் உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது: 'அப்பாவைத் தரையில போட்டிருக்கோங்க, கட்டில் எப்ப வரும்?' எழுந்து நின்றாள்.

"நான்தான் மேடம் கை வச்சேன்."

மென்பொருள்காரர் மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"ஏம்மா?" என்றார் முதலாளியம்மா.

"தேதி மாத்துற டூலுக்கு சார், 'காலத்தின் கோலத்தை வாடிக்கையாளர் பெருமக்களின் திருவுளப்படி அமைத்துத் தரும் ஒப்பற்ற சாதனம்'னு எழுதியிருந்தார் மேடம். மனுஷி எனக்கே புரியல, அதுக்கு எப்படிப் புரியும்னு..." கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "'கட்டில் கொண்டுவரும் நாளையும் நேரத்தையும் மாற்ற மட்டும். புக்கிங் அப்படியே இருக்கும். புதுத் தேதி கேட்காமல் தொடாதே.' இப்படி மூணு வரியா மாத்திட்டேன். சார்கிட்ட சொல்லப் பயம். திருட்டுத்தனம்தான் மேடம், தப்புதான்."

"இது ஒண்ணுதானா?"

"முப்பது."

மேலாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "முப்பது! என் தமிழை முப்பது இடத்துல கொன்னிருக்கா! 'தொடாதே'வாம், மின்கம்பத்துல மாட்டுற போர்டு மாதிரி! இந்த லட்சணத்துல எழுதினா மனுஷன் தரையில படுக்காம வேற எங்க படுப்பான்?"

அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். குனிய இடம் இருந்திருந்தால் மேசைக்கு அடியிலேயே போயிருப்பாள்.

"கத்தாதீங்க," என்றார் முதலாளியம்மா. மென்பொருள்காரர் பக்கம் திரும்பினார். "எந்த டூல் காலை வாரிச்சு?"

"கடைசி டூல் மேடம். புக்கிங்கை ரத்து பண்றது." அவர் திரையை ஒருமுறை மேலும் கீழும் ஓட்டினார். "ஆனா அதோட விளக்கத்துல ரத்துங்கற வார்த்தையே இல்லை. செஞ்சா திரும்ப எடுக்க முடியாதுன்னும் இல்லை. படிச்சா, 'காலையில வேண்டாம்'னு சொல்றவங்க மனசைக் குளிர வைக்கிற டூல் மாதிரி இருக்கு. அது பாவம், நம்பி எடுத்திருக்கு."

"கேட்டீங்களா மேடம், கேட்டீங்களா!" மேலாளர் மேசையில் ஓங்கித் தட்டினார்; தண்ணீர்ப் பாட்டில் ஒன்று உருண்டது. "ரத்து பண்ற டூலுக்கு ரத்துன்னு எழுதத் தெரியாத கை! ஏஜென்ட்டைச் சொல்லிக் குத்தமில்ல. அதை எழுதின ஆளை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புங்க. எத்தனை வருஷ சர்வீஸ், என்ன பதவின்னெல்லாம் தயவுதாட்சண்யம் பார்க்காதீங்க!"

முதலாளியம்மா நோட்டை மூடினார். "சரி. நீங்க சொன்னபடியே செய்வோம். அதை எழுதின ஆள்தான் போகணும்."

கைப்பைக்குள் கடிதத்தை எடுக்கப் போன அவள் விரல்கள் அப்படியே நின்றன. கடைசி டூலா?

முதல்முறையாக நிமிர்ந்து மேலாளரைப் பார்த்தாள். காது மடல் மறுபடி சுட்டது. இந்த முறை அவருக்காக.

"அந்த ஒண்ணை மட்டும் நான் தொடவே இல்லை சார்."