கரடிப் படத்துக்கு ஒரு ரசிகை

ஒரு கரடி பாட்டுப் பாடுவதைப் பார்த்து ஒரு பொம்பளை ஆறு நாள் அழுவாளா? குமாரசாமிக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. மேட்னி முடிந்து வெளியே வந்த கூட்டத்தில், அதாவது மொத்தம் பதினொரு பேரில், தெய்வம்மா மட்டும் இன்றைக்கும் கண் சிவந்து நின்றாள்.

குமாரசாமி குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியில் கிளார்க். ஆனால் அவர் தன்னை அப்படி நினைத்துக்கொண்டதே கிடையாது. கோயமுத்தூர் வாரப் பத்திரிகை ஒன்றில் 'நிறையும் குறையும்' என்ற தலைப்பில் சினிமா விமர்சனம் எழுதுகிறவர். நிறைக்கு இரண்டு வரி, குறைக்கு இரண்டு பத்தி என்பது அவர் வைத்திருந்த அளவு. படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் ஓடும்போது எதிர்க் கடையில் டீ, பெயர் போடும்போது உள்ளே, இடைவேளையில் தியேட்டர் மேனேஜர் ரூமில் தீர்ப்பு.

மேனேஜர் ஆறுமுகசாமி அவருடைய மச்சான். எந்தப் படத்தை இன்னொரு வாரம் நீட்டுவது, எதைத் தூக்குவது என்பதெல்லாம் குமாரசாமியின் வாயைப் பார்த்துத்தான்.

ஓடிக்கொண்டிருந்தது வெளிநாட்டுக் கார்ட்டூன் படம். வானத்து மழையை ஓர் ஓநாய் திருடிக்கொண்டு போய்விடுகிறது. கரடியும் அணிலும் ஒரு கிழட்டு ஆமையும் ஒன்பது மலை தாண்டிப் போய் அதை மீட்டு வருகின்றன. காட்டையும் பனியையும் அழகாக வரைந்திருக்கிறார்கள், அதை அவர் மறுக்கவில்லை. நிறைக்கான இரண்டு வரி அதோடு தீர்ந்துவிட்டது.

மற்றதெல்லாம் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புயலில் பாலம் அறுந்து தொங்குகிறது, கரடி நடுவில் நின்று நிதானமாகப் பாடுகிறது. புலியும் மானும் ஒரே இலையில் பழம் தின்கின்றன. ஒன்பது மலையையும் ஆமை ஏறி முடிக்கிற வேகத்தைப் பார்த்தால் மேட்டுப்பாளையம் ரயில் வெட்கப்பட வேண்டும். ஓநாயோ ஒரே பாட்டில் திருந்தி, மழையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறது.

"நம்மூர்க் கரடி எஸ்டேட் லைன் ஊட்டுக்குள்ள பூந்து பாடட்டுங்க மச்சான், எத்தனை பேரு உக்காந்து கேக்கறாங்கன்னு பாக்கலாம்" என்றார் குமாரசாமி. "நாளையோட பெட்டியக் கட்டிருங்க."

ஆறுமுகசாமி அதற்காகவே காத்திருந்தவர்போல் தலையாட்டினார். அப்போதுதான் தெய்வம்மா ரூம் வாசலில் வந்து நின்றாள்.

சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி இங்கே அனுப்பி வைக்கப்பட்டவள். கிடைத்த எஸ்டேட்டில் நாள்கூலி. தினமும் அரைநாள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, கதவைத் திறந்ததும் முதல் ஆளாகப் பெஞ்சில் உட்காருகிறவள் இவள்தான் என்று ஆறுமுகசாமி கேலியாக அறிமுகம் செய்துவைத்தார். அவள் கையெடுத்துக் கும்பிட்டு, படத்தை இன்னும் ஒரு வாரம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டாள். கங்காணி தன்னை வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி, தினமும் வந்துவிடுவேன் என்றும் சொன்னாள்.

குமாரசாமிக்கு ரசனை கெட்டவர்களைக் கண்டாலே ஆகாது. இந்தப் படத்தை அவர் இரண்டு தடவை பார்த்தவர். இரண்டு தடவையும் அவர் உள்ளே நுழைந்தபோது திரையில் பெயர்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதற்குள் இவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கரடி இன்னும் தலையைக்கூடக் காட்டவில்லை. இப்படிப்பட்ட ஜனங்களால்தான் சினிமா உருப்படாமல் போகிறது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

"இங்க பாரும்மா, இந்தப் படத்துல நல்லதுன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஒரு வாரம் என்ன, ரெண்டு வாரம் ஓட்டச் சொல்றேன்."

தெய்வம்மா விழித்தாள். சரி, மழையைத் திருடியது யார் என்று கேட்டார். புலியா என்று தயக்கத்தோடு திருப்பிக் கேட்டாள். கரடியோடு போனவர்கள் யார் யார் என்றார். அவள் தரையைப் பார்த்தாள்.

ஆறுமுகசாமி வாய்விட்டுச் சிரித்தார். குமாரசாமிக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. ஆறு நாள் விடாமல் பார்த்தவளுக்கே கதை தெரியவில்லை என்றால், அதைவிடப் பெரிய குறை ஒரு படத்துக்கு என்ன இருக்க முடியும்? கட்டுரைக்குக் கடைசி வரி கிடைத்துவிட்டது. மறந்துவிடக் கூடாதென்று அங்கேயே ஒரு டிக்கெட்டின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார்.

தெய்வம்மா போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு தடவை பேச வாயெடுத்தாள். இரண்டு தடவையும் குமாரசாமி ஏதோ சொல்லி அடக்கினார். அவளைப் பார்க்க அவருக்கு எரிச்சலாக இருந்தது. இத்தனை அவமானத்துக்குப் பிறகும் ஒருத்தி ஒரு கரடிக்காகக் கெஞ்சுவாளா?

"படம் நாளையோட போகுது. கரடிய நெனச்சு அழுகறதுன்னா ஊட்டுல உக்காந்து அழுகு, போம்மா" என்றார்.

"படம் போனாப் போகட்டும் ஐயா. அதுக்கு முன்னுக்கு நியூஸுல ஒரு கப்பலக் காட்டுறாங்களே, அதுல இருந்து எறங்கி வர்றவன் நான் அஞ்சு வருசமாத் தேடுற எம் மகன்."