மொட்டை மாடி மாதா

"மாதா வந்தாங்களா? எங்கே, பனியன் கம்பெனி மொட்டை மாடிக்கா?"

பங்குத்தந்தை ராயப்பன் கேட்ட கேள்விக்கு மயிலாள் நின்றபடியே தலையாட்டினாள். செக்கிங் வேலை முடித்து நேராக வந்தவள். தலைமுடியெல்லாம் பஞ்சு. சாமியார் பங்களாவில் நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"ஆமாங்க சாமி. வேஸ்ட் துணி மூட்டை போட்டு வெச்சிருப்பாங்கல்லங்க, அதுக்குப் பக்கத்துல."

"ஞானஸ்நானம் வாங்கியிருக்கியா நீ?"

"இல்லீங்க. எங்கூட்டுல அங்காளம்மனுங்க."

"கேட்டீங்களா?" என்று உதவிப் பங்குத்தந்தை தனிஸ்லாஸ் பக்கம் திரும்பினார் ராயப்பன். "இதை உண்மைன்னு எழுதி ஆயருக்கு அனுப்பணுங்கறீங்க நீங்க."

ஆயர் அறிக்கை கேட்டிருந்தார். ராயப்பன் கையெழுத்துப் போட்டால்தான் அது போகும். 'பொய்' என்று அவர் எழுதிவிட்டால் மொட்டை மாடிக்குப் பூட்டு. மயிலாளுக்கு வேலையும் போகும். சாமியார் சொல்வதுதான் முடிவு என்று முதலாளி ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

ராயப்பனுக்கு வயிறு எரிந்தது. பெருமாநல்லூர், குன்னத்தூர் என்று எங்கெங்கிருந்தோ மினி பஸ் பிடித்து வருகிறார்கள். எஸ்.எம்.எஸ். அனுப்பிக் கூட்டம் சேர்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கத்துக்குக் கொட்டாவி விடுகிற அதே ஜனம், சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு அங்கே முட்டி போடுகிறது. இவளுக்கா? போயும் போயும் இவளுக்கா? உள்ளே ஒரு குரல் ஓயாமல் கேட்டது.

"ஒருத்தருக்குத் தனியாக் கிடைக்கிற தனி வெளிப்பாடெல்லாம் விசுவாசத்துல சேராது ஃபாதர்" என்றார். "லூர்துலயும் பாத்திமாவுலயும் மாதா காட்சி கொடுத்ததையே நம்பித்தான் ஆகணும்னு திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தலை. சொல்ல வேண்டியதையெல்லாம் கடவுள் கிறிஸ்து வழியாச் சொல்லி முடிச்சாச்சு."

"நம்பணும்னு கட்டாயம் இல்லை, சரி. நம்பக் கூடாதுன்னும் இல்லையே ஃபாதர்?"

"ஒருத்தருக்கு நெஜமாவே காட்சி கிடைச்சாலும் வாயை மூடிக்கிட்டு அடக்கமா இருக்கணும். ஊரைக் கூட்டக் கூடாது."

"ஊரு தானாக் கூடுது. மத்தியானம் ஆனா இங்கே கோயிலை உள்பக்கமாத் தாழ்ப்பாள் போட்டுடறீங்க. ஜனம் பின்ன எங்கேதான் போகும்?"

பெரிய சாமி ராயப்பன் மதியம் கோயிலுக்குள் ஃபேனுக்கடியில் தூங்குகிறார் என்று பங்கு முழுக்கப் பேச்சு. அவர் அதை மறுத்ததே இல்லை. இப்போதும் காதில் விழாதவர் போல மயிலாளைப் பார்த்தார்.

"உன்னை என்னன்னு கூப்பிட்டாங்க?"

"கண்ணுன்னுங்க."

"ஓ! மாதா கொங்குத் தமிழ் பேசறாங்களாக்கும்?"

"எனக்குப் புரியோணுமில்லீங்க? இங்கிலீசுல பேசி என்ன புண்ணியம்?"

தனிஸ்லாஸ் சிரித்துவிட்டார். "லூர்துலயும் அந்தப் பொண்ணுகிட்ட அவ ஊர்ப் பேச்சுலதானே பேசினாங்க ஃபாதர்!"

"நீங்க சும்மா இருங்க." ராயப்பன் அவளை விடவில்லை. "இத்தனை பேர் தினமும் செபம் பண்றாங்க. அவங்களை எல்லாம் விட்டுட்டு உன்கிட்ட எதுக்கு வரணும்?"

"நானா சாமி வரச் சொன்னேன்? உங்ககிட்டயே வந்திருந்தாங்கன்னா எனக்கு இன்னிக்கு ஓவர்டைம் போயிருக்காதுங்க."

அந்தப் பேச்சு அவரை எங்கேயோ ஆழமாகக் குத்தியது. செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினார்.

"எந்த நேரத்துல வர்றாங்க?"

"மத்தியானம் சோத்து நேரத்துலீங்க. பொங்கல் கழிஞ்சதுல இருந்து வாராங்க."

உருட்டிக்கொண்டிருந்த விரல் ஒரு மணியில் அப்படியே நின்றது.

"பொங்கல் கழிஞ்சா?"

"ஆமாங்க. ஏனுங்க சாமி?"

"ஒண்ணுமில்லை. நீ என்ன செபம் சொல்லுவே?"

"செபமெல்லாம் எனக்கு எங்கீங்க தெரியும்? சோத்துப் போசியைத் தொறந்து வெச்சுட்டு அன்னன்னைக்கு நடந்ததச் சொல்லுவேனுங்க. எங்க சூப்பர்வைசர் மோகன்ராஜ் எப்படி வைவான்னு அவனாட்டவே பேசிக் காட்டுவேன்."

"மாதா முன்னாடியா?"

"அவியதானுங்க கேக்கறாங்க! வாயப் பொத்திக்கிட்டு ஒரே சிரிப்பு."

"பொய்!"

ராயப்பன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. செபமாலை தரையில் கிடந்தது.

"பொய் சொல்றே! அவ சிரிக்க மாட்டா!"

"அட, நெசமாத்தானுங்க சாமி. கண்ணுல தண்ணி வாரவரைக்கும் சிரிச்சாங்க."

"சிரிக்க மாட்டாங்கறேன்!"

தனிஸ்லாஸ் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனாவை மெதுவாக மூடினார். "ஃபாதர்... அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ராயப்பனின் பார்வை மயிலாளின் முகத்தை விட்டு நகரவில்லை.

"எந்தப் பங்குக்கு என்னை மாத்தினாலும் மத்தியானம் ஆனா கோயிலுக்குள்ள வந்து தூணோரமா நிப்பா. யார்கிட்டயும் நான் மூச்சு விட்டதில்லை. பொங்கலுக்கப்புறம் வர்றதில்லை, போகட்டும். ஆனா அத்தனை வருஷத்துல என்கிட்ட ஒருநாள்... ஒரே ஒருநாள் சிரிச்சிருக்காளா?"