முதல் சனிக்கிழமைக் கோளாறு

"நாளைக்கும் கேமரா அணைஞ்சுதுன்னா பால்ச்சாமிய வேலைய விட்டு அனுப்பிர வேண்டியதுதான்" என்றார் வைகுண்டராஜ்.

ஷெரினுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பஸ் ஏறி கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்தவளிடம் வாட்ச்மேன் வேலையைப் பற்றி எதற்குப் பேசுகிறார்?

"கேமரா அணையறதுக்கு அவரு என்ன சார் செய்வாரு?"

"மத்த நேரமெல்லாம் நல்லாத்தாம்மா ஓடுது. அரிசி குடுக்கும்போது மட்டும் அணையுது. அந்தக் கேப்புல மூட்டை ஏதும் பின்வாசல் வழியாப் போகுதோ என்னமோ."

ராஜபாளையத்தில் அது ஓர் அறக்கட்டளை. வைகுண்டராஜ் அதன் செயலாளர். மாதத்தின் முதல் சனிக்கிழமை, இல்லாதப்பட்டவர்களுக்கு ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்து உதவுகிறவர்கள் பார்க்க வேண்டுமே! லேப்டாப்பில் யூ.எஸ்.பி. கேமராவை மாட்டி நேரலையாகக் காட்டுவார்கள். பாதியில் படம் போய்விடும். 'ஓடிக்கொண்டிருந்த கேமராவைக் காணவில்லை' என்று டிரைவர் எச்சரிக்கை ஒன்று வந்து நிற்கும்.

இதற்காக ஷெரின் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து போயாயிற்று. வயரை மாற்றினாள். வேறு போர்ட்டில் சொருகினாள். டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். லேப்டாப்பைக் கடைக்கே தூக்கிப்போய் ஒரு பகல் முழுக்க ஓடவிட்டாள். சமர்த்தாக ஓடியது. இங்கே வந்தால் பழைய கூத்துதான்.

செயலாளர் வெளியே போனதும் பால்ச்சாமி டீயோடு வந்தார். செட்டியார்பட்டிக்காரர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்.

"செத்த டீயக் குடிச்சிட்டுப் பொறவு பாரு தாயி. அதென்ன டிரைவரு?"

"கேமரா சொல்றத கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கிற புரோகிராம் அண்ணாச்சி. அதுதான் கோளாறு பண்ணுது."

சுவரில், அரிசி வாங்கியவர்களின் போட்டோக்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஷெரின் அவற்றைப் பார்த்தபடி டீயை உறிஞ்சினாள்.

"எம்புட்டுப் பேரு! எங்க அம்மாவும்தான் கஷ்டப்பட்டா. தையல் மிஷின மிதிச்சே என்னையப் படிக்க வச்சா. எவிய வாசல்லயும் போயி கையேந்தி நின்னதில்ல."

பால்ச்சாமி காலி டம்ளருக்காகக் காத்து நின்றார்.

ஷெரின் மறுபடியும் லேப்டாப்போடு மல்லுக்கட்டினாள். எதுவும் பிடிபடவில்லை. எரிச்சலில், ஓடிக்கொண்டிருந்த கேமராவின் வயரை வெடுக்கென்று பிடுங்கினாள்.

அதே எச்சரிக்கை. எழுத்துக்கு எழுத்து அதே.

அடப்பாவமே. டிரைவர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது! இத்தனை நாளும் அதைப் போய்க் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய எச்சரிக்கைகளின் தேதிகளைப் பார்த்தாள். எல்லாமே முதல் சனிக்கிழமைகள். லேப்டாப் இருக்கும் மேசை வாசலோரம். அந்த இடத்தில் நிற்கிற ஒரே ஆள்...

"அண்ணாச்சி, வயரப் புடுங்குறது நீங்கதானா?"

டம்ளரோடு நின்றவர் வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"ஆமா தாயி. செயலாளர்ட்ட சொல்லிராத."

ஏன் என்று அவள் கேட்பதற்குள் வாசலுக்குப் போய்விட்டார்.

ஷெரினுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த மனுசனால் எத்தனை அலைச்சல்! செயலாளர் சந்தேகப்பட்டது சரியாகத்தான் இருக்கும். ஆதாரத்தோடு பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவது என்று உட்கார்ந்தாள்.

முதல் எச்சரிக்கை இரண்டு வருடத்துக்கு முந்தியது. லேப்டாப்பில் பதிவாகியிருந்த அன்றைய வீடியோவைத் தேடி எடுத்து ஓடவிட்டாள்.

வரிசை நகர்ந்தது. ஒரு பெண் முன்னால் வந்தாள். முந்தானையை முகத்தின் மேல் இழுத்துவிட்டாள்.

"சேலைய விடுங்கம்மா. ரெண்டு கையாலயும் மூட்டையப் புடிங்க. கேமராவப் பாருங்க" என்றது வைகுண்டராஜின் குரல்.

அவள் நிமிர்ந்தாள். படம் அணைந்தது.

ஷெரின் திரும்பப் போட்டாள். இன்னொரு தடவையும் போட்டாள். பிறகு லேப்டாப்பை மூடினாள்.

"என்னம்மா, கள்ளன் ஆம்புட்டானா?" செயலாளர் உள்ளே வந்தார். வாசலில் பால்ச்சாமி விறைத்துப்போய் நின்றார்.

"ஆம்புட்டுட்டான் சார். டிரைவர்தான். ஆளு மொகம் நேரா வந்தா அதுக்குத் தாங்கல. கேமராவ விட்டுருது. நாளைக்கு கேமராவ அரிசி மூட்டையப் பாத்துத் திருப்பி வச்சிருங்க. அணையாது."

"மொகம் இல்லாம எப்படிம்மா?"

"மூட்டை தெரியும்லா சார். குடுக்கிறவியளுக்கு அது போதாதா?"

வைகுண்டராஜ் குழம்பிப்போய்த் தாடையைச் சொறிந்தார். "என்னமோம்மா. படம் அணையாம இருந்தாச் சரி."

பால்ச்சாமி கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

"எனக்காவ பொய் சொல்லிட்டியே தாயி. ஏன்?"

"மொத தடவ எதுக்குப் புடுங்குனிய அண்ணாச்சி?"

"ஒரு பொம்பள... யாரு எவருன்னு தெரியாது. ரெண்டு கையிலயும் மூட்டை, மொகத்த மறைக்கக் கை இல்ல. அழுதுட்டு நின்னாவ. மனசு கேக்கல. பக்கத்துல வயரு கெடந்துச்சு, இழுத்துட்டேன். பொறவு மாசாமாசம் வரிசையில அப்பிடி ஒருத்தராவது வந்துருதாவ."

ஷெரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"உபவாச ஜெபத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் அண்ணாச்சி, அன்னைக்கு எங்க அம்மா இங்க பஸ் ஏறி வந்தா."