பேசக் கூடாத நேரம்

சுட்டு முடித்த பித்தளைத் தோட்டா உறைகளில் வெண்டெல் மறுபடி வெடிமருந்து நிரப்பும்போது கராஜில் யாரும் பேசக் கூடாது. கவனம் சிதறினால் ஒன்றில் மருந்து இரண்டு மடங்கு விழுந்துவிடும்; சுடும்போது துப்பாக்கியே வெடித்துவிடும். அவன் மனைவி லோர்னா இந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தாள். வாய் திறந்து மறுக்க முடியாதே!

"அம்மா சனிக்கிழமை மான்டானாவிலேர்ந்து வர்றாங்க. ஒரு மாசம் நம்மகூடத்தான்."

வெண்டெல் தட்டில் இருந்த ஐம்பதையும் முடித்தான். இன்னும் ஐம்பது காலி உறைகளை எடுத்து அடுக்கினான்.

லோர்னா ஓரடி பின்வாங்கினாள். "எதுக்கு இவ்வளவு?"

"உங்கம்மாவோட பழைய ரிவால்வருக்குத்தான். கடையில அதுக்குத் தோட்டாவே கிடைக்கலையாம். துப்பாக்கி கிளப் போட்டியில நானும் அவங்களும் ஒரே டீம்!"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நான்தானே கூப்பிட்டேன். ஆமா, உன்கிட்ட ஒரு மாசம்னா சொன்னாங்க? எங்கிட்ட மூணு மாசம்னாங்களே!"